கூடாரக் கட்டணமும் கை நனைக்காத கூட்டமும்

1

மெல்போர்னின் மேற்குப் புறநகரில் நாங்கள் குடியேறி இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. கேக் வெட்டலாமா, கோயிலுக்குப் போகலாமா என்று பழனி கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் தேசியப் பூங்கா அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. பழனி என் கணவர். அவர் படித்துவிட்டு, "நல்லதுதானே, நம்ம கிட்ட கருத்து கேக்கறாங்க" என்றார். நான் அதை வாங்கி முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

விஷயம் இதுதான். பூங்காவுக்குள் ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்க ஒரு கட்டணம் உண்டு. இதுவரை இடத்துக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். ஒரு குடும்பம் எத்தனை பிள்ளைகளோடு வந்தாலும் ஒரே கட்டணம்தான். அடுத்த கோடையிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று மாற்றப் போகிறார்களாம். "இன்னும் எதுவும் முடிவாகவில்லை. உங்கள் குரலைக் கேட்க ஆவலாக இருக்கிறோம். வரும் சனிக்கிழமை முகாமிடத்துக்கே வாருங்கள்" என்று இனிக்க இனிக்க எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் இருந்தது சூட்சுமம்: மதிய உணவு வழங்கப்படும்.

முடிவாகாத விஷயத்துக்கு யாராவது சோறு போடுவார்களா? நான் மண்ணூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வயல்கள் எல்லாம் கம்பெனிகளாக மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். எந்த வாசகத்துக்குப் பின்னால் எந்த புல்டோசர் வரும் என்று ஓரளவுக்குத் தெரியும்.

என் தம்பி குமார் இன்னும் மண்ணூரில்தான் இருக்கிறான். இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு இருக்கை தைக்கும் கம்பெனியில் வேலை. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, தெற்கிலிருந்து வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். அவனிடம் போனில் சொன்னேன். கட்டணம் ஏறுவதைவிட, கட்டணம் என்று ஒன்று இருப்பதுதான் அவனுக்கு அதிசயமாகப் போய்விட்டது.

"இன்னா யக்கா சொல்ற? வூடு கீது, கட்டிலு கீது. அத்த வுட்டுட்டு காசு குடுத்து மண்ணுல படுத்துகினு வர்றீங்களா? அதுக்கு நம்ம பின்னாடி ரூமுக்கு வா. ஒரே ரூம்ல எட்டு பேரு மண்ணுலதான் படுத்துகினு கீறானுங்க. உனுக்கு ஒரு எடம் போட்டுத் தர்றேன்."

"டேய், இது வேறடா. ஆறு, மரம், காத்து..."

"அதெல்லாம் இருந்தப்ப இன்னா பண்ணோம்? கம்பெனிக்குக் குடுத்தோம்."

அவனோடு பேசினால் இப்படித்தான் போய் நிற்கும்.

2

காசு கொடுத்துத் தரையில் படுப்பது எனக்கும் முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. செல்வி இழுத்துக்கொண்டு போனாள். செல்வி யார் என்று சொல்ல வேண்டும். அவள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் இரண்டு பேரும் ஒரே போன் கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் நின்றோம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தோம். என் வீடு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் பெண்ணைப் பார்த்து ஊர் பேசும் என்று அப்பா ஹாஸ்டலில் போட்டார். அங்கே கிடைத்தவள்தான் செல்வி. எனக்கு முன்பே அவள் இந்த ஊருக்கு வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள், ஒற்றைச் சம்பளம்.

எங்களைப் போலவே அந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்து, பிறகு இங்கே வந்தவர்கள் ஆறு குடும்பம். ஜனவரியில் இங்கே கோடை விடுமுறை. அப்போது எல்லோரும் அந்த ஆற்றோரத்துக்குப் போவோம். காட்டுத்தீக்குப் பயந்து போடும் தீத்தடை இல்லாவிட்டால் விறகடுப்பு, இருந்தால் கேஸ் அடுப்பு. அங்கே போனில் சிக்னல் கிடையாது. பூட்டுவதற்குக் கதவும் கிடையாது. ஒரு ஜிப்பை இழுத்துவிட்டால் வீடு மூடியாகிவிட்டது. முதல் வருஷம் அந்த ஜிப்பை நம்பி எப்படித் தூங்குவது என்று உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறேன்.

ஆனால் நான் போவது தூக்கத்துக்காக இல்லை. என் மகள் மதிக்காக.

மதிக்குப் பதினைந்து வயது. நாங்கள் வந்தபோது மூன்று. ஊரை விட்டு வந்தபோது "வூட்டுக்குப் போலாம்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை, இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குகிறது. வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். நான் கதவருகில் நின்று கேட்பேன். எங்கே போனே, யாரோட போனே, ஏன் லேட்டு, போன்ல யாரு? பதில் ஒரு சொல்லில் வரும். அந்த ஒரு சொல்லையும் நான் நம்ப மாட்டேன்.

அந்த ஆற்றோரத்தில் மட்டும் அவள் வேறு ஆள். செல்வியும் நானும் அலுமினியக் குண்டானை வைத்துச் சமைக்க உட்கார்ந்தால், தானாக வந்து பூண்டு உரிப்பாள். உரித்துக்கொண்டே பேசுவாள். பள்ளிக்கூடத்தில் யாரோ இவளைச் சேர்த்துக்கொள்ளாததை, ஒரு டீச்சர் இவள் பேரைத் தப்பாகவே கூப்பிடுவதை, எல்லாம் அங்கேதான் எனக்குத் தெரிந்துகொள்ளக் கிடைத்தது. வருஷம் பூராவும் எனக்கு மகள் கிடைப்பது அந்த நாலு நாள்தான். அதில்தான் இவர்கள் கை வைக்கப் பார்க்கிறார்கள்.

மின்னஞ்சல் வந்த மறுநாள் செல்வி போன் செய்தாள்.

"ஏட்டி தேவி, தலைக்கு இவ்வளவுன்னா எங்க வீட்டுல அஞ்சு தலைல்லா இருக்கு. எங்கிட்டுப் போயி கட்ட? நீங்க போயிட்டு வாங்க. நாங்க இந்த வருசம் வரலட்டி."

செல்வி நின்றுவிட்டால் அவள் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் மதி வரமாட்டாள். மதி வராவிட்டால் நான் எதற்குப் போய் மண்ணில் படுக்க வேண்டும்? ஒரு செங்கல்லை உருவினால் போதும், மொத்தச் சுவரும் இறங்கிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. எங்கள் கூட்டம் கொஞ்சம் சத்தம் போடும். கருவாட்டுக் குழம்பு வாசனை ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் போகும். நேராக வராதே என்று சொல்ல முடியாதவர்கள் தலையை எண்ணிச் சொல்கிறார்களோ?

பழனி, "உனக்கு எதப் பார்த்தாலும் சந்தேகம்" என்றார். இருக்கட்டும். அப்படிப்பட்டவர்களும் நாலு பேர் நாட்டுக்கு வேண்டும்.

3

எனக்கு ஏன் சாப்பாடு என்ற வார்த்தை உறுத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம், எங்கள் நிலத்தையும் பக்கத்து நிலங்களையும் ஒரு கம்பெனி கேட்டது. புரோக்கர் ஒருவன் ஊரைக் கூட்டி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தான். "சும்மா வந்து உங்க கருத்த சொல்லுங்க" என்றுதான் அவனும் சொன்னான். உள்ளே நுழையும்போதே பிரியாணி வாசனை. மேடையில் யாரும் இல்லை, பந்தியில்தான் ஆட்கள் இருந்தார்கள். அப்பா என்னையும் குமாரையும் இரண்டு பக்கமும் பிடித்து உட்காரவைத்து, காதோடு சொன்னார்.

"யாரும் கை நனைக்கக் கூடாது. நனைச்சா ஒத்துகினதா ஆயிடும்."

எங்கள் பக்கத்தில் இது சட்டம் மாதிரி. பேச்சு முடியாத இடத்தில் சாப்பிட மாட்டோம். பங்காளிச் சண்டை தீராமல் பங்காளி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். பெண் பார்க்கப் போன இடத்தில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். என் கல்யாணமே அப்படி முடிந்ததுதான். பழனியின் அம்மா என்னைப் பார்க்க வந்தபோது எதையும் தொடாமல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். பழனி அன்று ராத்திரி ஷிப்ட்டோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய அம்மா மகனை ஒரு முறை முறைத்தார். பிறகு அவரும் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

மண்டபத்தில் அன்று பாதிப் பேர் சாப்பிட்டார்கள். மறுவாரம் பேச்சு முற்றியபோது, புரோக்கர் அவர்களைப் பார்த்து, "கை நனைச்சிட்டு இப்ப இன்னா மாத்திப் பேசற?" என்று கேட்டான். நாங்களோ அன்று பசியோடு வீடு வந்து சேர்ந்தோம், மானத்தோடு. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை சாகும்வரைக்கும் இருந்தது. சாப்பிட்டவர்கள் நிலம் போய்விட்டது. சாப்பிடாத எங்கள் நிலமும் அடுத்த வருஷம் அதே கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. அதைப் பற்றி அப்பா அவ்வளவாகப் பேசமாட்டார்.

4

ஆறு குடும்பத்துக்கும் போன் போட்டேன். எல்லோரும் போவோம், எதிர்ப்பைச் சொல்வோம், ஆனால் ஒருவரும் கை நனைக்கக் கூடாது என்றேன். ஒருவருக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்வி, "அது எங்க ஊருலயும் உண்டும்லா, பச்சத் தண்ணி பல்லுல படாது" என்றாள்.

பேசுவதற்கு ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று முடித்திருந்தேன். மதி அதைப் பார்த்துவிட்டு, இப்படி இங்கே யாரும் பேசமாட்டார்கள், என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல் என்றாள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. இருந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காரில் ஏறும்போது பழனி ராத்திரி ஷிப்ட் முடித்து வந்திருந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஆற்றோரத்தில் பெரிய இரும்புக் கல்லை அடுப்பில் காயவைத்து அதில் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மலைபோல வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அரைக்கால் சட்டை போட்ட பெரியவர்கள், நாயோடு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் ரொட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றது. ஒரு மரத்தில் வெள்ளைத்தாளைக் கட்டி அதில் கலர் கலராகச் சின்னக் காகிதங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் சற்றுத் தள்ளி, நிழலில் இருந்த பெஞ்சுகளில் கைகட்டி உட்கார்ந்தோம். கூட்டம் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தோம்.

தொப்பி வைத்த ஒரு பெண் அதிகாரி எங்களிடம் வந்தாள். பெயர் ஜென் என்றாள். சாப்பிட்டீர்களா, இங்கே அடிக்கடி வருவீர்களா, இந்த இடத்தில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். முதலில் சாப்பாடு, பிறகு குசலம், பிறகுதான் கத்தி. எனக்குத் தெரியாதா? "வீ ஆர் ஃபைன், தேங்க் யூ" என்றேன். இறைச்சி வேண்டாம் என்றால் காய்கறியில் செய்ததும் இருக்கிறது என்றாள். "வீ ஆர் ஃபைன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் வந்தாள். திரும்பவும் ஃபைன் என்றே அனுப்பினேன். பாவம், முகம் சுருங்கிப் போனாள். நடிப்பு என்று நினைத்தேன்.

"ஏட்டி, வெங்காயம் வதங்குத வாசம் ஆளைக் கொல்லுது" என்றாள் செல்வி. அவள் பிள்ளைகள் எச்சிலை விழுங்கிக்கொண்டு என்னையே பார்த்தன.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. அங்க பாரு, வாயில ரொட்டிய வெச்சிகினு அந்த ஆபீசருங்ககிட்ட எப்டி இளிக்கிறாங்கன்னு. எல்லாம் வெல போயிட்டாங்க."

மதி எழுந்தாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ சாசேஜ்" என்றாள்.

"ஒக்காரு. துன்னா ஒத்துகினதா ஆயிடும்."

"யாரு சொன்னா?"

கேட்டுவிட்டு அவள் வரிசையில் போய் நின்றுவிட்டாள். ரொட்டி வாங்கி, அந்த ஜென்னோடு பேசிக்கொண்டே சாப்பிட்டாள். என் மகளே விலை போய்விட்டாள். அதுவும் ஒரு துண்டு ரொட்டிக்கு.

கொஞ்ச நேரத்தில் ஜென் கைதட்டினாள். சரி, ஆரம்பிக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதிவைத்த தாளைப் பிரித்தேன். எல்லோரும் வந்ததற்கு மிக்க நன்றி, எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்றாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

நான் ஓடினேன். "கூட்டம் எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "இதுதானே கூட்டம்?" என்றாள்.

அடுப்பைச் சுற்றி நின்று தின்றுகொண்டே பேசியதுதான் கூட்டமாம். அவள் எங்களிடம் இரண்டு தடவை வந்து கேட்டதுதான் கருத்துக் கேட்பாம். மரத்திலிருந்த கலர் காகிதம் எல்லாம் ஆட்சேபணையாம். அரைக்கால் சட்டைப் பெரியவர்கள் ரொட்டியை மென்றுகொண்டே, இந்தக் கட்டணம் அநியாயம் என்று அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான்தான் இளிப்பு என்று நினைத்துவிட்டேன். எதிர்க்க வந்தவர்களில் எதிர்க்காமல் உட்கார்ந்திருந்தது நாங்கள் மட்டும்தான்.

ஜென் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கவலைப்படாதீர்கள். உங்கள் மகள் பேசினாள். தலைக்குக் கட்டணம் என்றால் பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பங்கள் வராமல் நின்றுபோகும் என்றாள். பிறகு உங்களைப் பற்றியும் சொன்னாள்."

"என்னைப் பற்றியா? என்ன சொன்னாள்?"

"வீட்டில் அம்மா கேள்வி மட்டும்தான் கேட்பாள். இங்கே வந்தால்தான் பேசுவாள் என்றாள். இந்த இடம் போய்விட்டால் அம்மா பேசுவதும் போய்விடும் என்று அவளுக்குப் பயம்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வீட்டு விஷயத்தை வெளி ஆளிடம் சொல்லிவிட்டாளே என்று. அப்புறம் அழுகை வந்தது. அங்கே வந்தால் அவள்தான் பேசுகிறாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பூண்டு உரிக்கும்போது நானும்தான் பேசியிருக்கிறேன். ஹாஸ்டலில் குளியலறைக்கு வரிசை நின்றது, லைனில் தூங்கி விழுந்தபோது செல்வி என் பின்னலைப் பிடித்து இழுத்தது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசருக்குப் பயந்து அழுதது. எல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஒன்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லுங்களேன்" என்றாள் ஜென்.

திரும்பிப் பார்த்தேன். செல்வியும் மற்றவர்களும் பெஞ்சில் இருந்தபடி என்னையே பார்த்தார்கள். பழனியைக் காணோம். தேடினால் அடுப்புக்குப் பின்னால் கையில் ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பசிச்சுது" என்றார்.

அன்றைக்கு பஜ்ஜி, இன்றைக்கு இது. இந்த மனுஷனைத் திருத்த முடியாது. நானும் ஒரு ரொட்டியில் வெங்காயத்தை வைத்து மடித்துக் கடித்தேன். செல்வி பிள்ளைகள் நாலுகால் பாய்ச்சலில் ஓடி வந்தன. எழுதிவைத்த தாள் எண்ணெயாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வாயில் ரொட்டியோடு, எல்லாவற்றையும் சொன்னேன். தலையை எண்ணாதீர்கள், எங்களுக்குத் தலைகள் அதிகம், அந்தத் தலைகள் ஒன்றுசேரத்தான் வருகிறோம் என்றேன். ஜென் கலர் காகிதத்தில் எழுதி மரத்தில் ஒட்டினாள். ஒட்டியதைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று கிட்டப் போய்ப் படித்தும் பார்த்தேன்.

5

குமாரிடம் போனில் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தான். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "யக்கா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே? அன்னிக்கி மண்டபத்துல ஒண்ணுக்குப் போறேன்னு போனேன் பாரு, பின்பக்கமா போயி நான் துன்னுட்டுதான் வந்தேன்" என்றான்.

"அடப்பாவி. அப்பாவுக்குத் தெரியுமா?"

"வாயில மசாலா வாசன அடிக்காதா? ஒண்ணும் சொல்லல. வழி பூரா என் கையத்தான் புடிச்சிகினு வந்தாரு."

போன வாரம் பூங்கா அலுவலகத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. தலைக்குக் கட்டணம்தான், ஆனால் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்குக் கிடையாது. செல்வி, "அப்போ நாங்க வாறோம்ட்டி" என்று துள்ளினாள். எனக்குத்தான் முழுசாக நம்பிக்கை வரவில்லை. எத்தனை வயது வரைக்கும் பிள்ளை என்று அதில் எழுதவில்லை. கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வரட்டும், பார்க்கலாம்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் மதி பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தாள். வழக்கம்போல அறைக்குள் போனாள். கதவருகே போனேன். எங்கே போனே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனேன். வெங்காயம் போட்டு ஒரு தோசை வார்த்து, தட்டில் எடுத்துக்கொண்டு போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. தட்டை மட்டும் நீட்டினேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு சந்தேகம். என் அப்பாவின் கண், என் கண்.

"இன்னாம்மா விஷயம்?" என்றாள் தமிழில். "மொதல்ல சொல்லு. அப்புறம்தான் கை நனைப்பேன்."

நான் பேச ஆரம்பித்தேன். தோசை ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டாள்.